தம்பி போட்ட காபி

என் தம்பிக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது. நாற்பத்தேழு வயது ஆகிறது, ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், ஆனால் வெந்நீர் வேண்டுமென்றால் சமையலறை வாசலில் நின்று "யாராவது இருக்கீங்களா" என்று கேட்பான். அப்படிப்பட்டவன் அன்றைக்குக் காலை ஆறரை மணிக்கு ஒரு தட்டில் காபியும் நாலு துண்டு ரொட்டியும் வைத்து எடுத்துக்கொண்டு வந்து என் தலைமாட்டில் நின்றான். ரொட்டியில் ஜாம் தடவியிருந்தது. தடவியிருந்தது என்பதைவிட அப்பியிருந்தது என்று சொல்லலாம். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

அவனுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. சர்க்கரை வியாதி பதினாலு வருஷம் உள்ளே உட்கார்ந்து அரித்திருக்கிறது. எங்களுக்கெல்லாம் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது, ஏனென்றால் அவனுடைய ரிப்போர்ட்டுகள் எப்போதும் அருமையாக இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, ரிசல்ட் வந்ததும் அந்தக் காகிதத்தை ஆட்டிக்கொண்டு என் கடைக்கு வருவான். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து. "பாத்தியா" என்பான். நானும் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தையலுக்குத் திரும்புவேன். என்னுடையது ஆல்டரேஷன் கடை. பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்புப் பிடிப்பது. கடைசி வருஷத்தில் மட்டும் அவனுடைய பேண்ட்டுகளை மூன்று தடவை இடுப்பில் பிடித்துக்கொடுத்தேன். ஏண்டா இப்படி இளைக்கிறாய் என்று கேட்டால் டயட் என்றான். என் கையாலேயே அளவெடுத்தும் எனக்கு உறைக்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு என் மேலேயே இன்னும் இருக்கிறது.

இப்போது வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். காரில் உட்கார உடம்பு இடம் கொடுக்காததால் டிரைவிங் ஸ்கூல் ஆபீசில் இருந்துகொண்டு சாலைச் சின்னங்களுக்கு விளக்கம் சொல்கிறான். அவனிடம் படித்தவர்கள் அவனுக்கு வைத்த பெயர் பிரேக் வாத்தியார். கற்றுக்கொள்கிறவன் ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்தால்கூட பக்கத்து சீட்டிலிருந்து தன் காலடியில் உள்ள இன்னொரு பிரேக்கை மிதித்துவிடுவானாம். கேட்டால், எதற்கும் இருக்கட்டும் என்பானாம்.

நான் என் கிட்னியில் ஒன்றைத் தருகிறேன் என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். ரத்த வகை பொருந்தியது. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவரே கேட்டார். தம்பி பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, அண்ணி" என்று மட்டும் சொல்லிக்கொண்டு அழுதாள். தம்பிதான் வேண்டவே வேண்டாம் என்றான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எங்கள் கதையில் நான் ஆடத் தயார், சதைதான் முரண்டு பிடித்தது. பிறகு திடீரென்று ஒரு நாள் சரி என்றான். எல்லா டெஸ்ட்டுக்கும் தானே கூட வருவதாகச் சொன்னான். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் ஆஸ்பத்திரியில் முதல் நாளே எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்கள். கொடுக்கிறவளுக்குச் சர்க்கரை இருந்தால் அவள் கிட்னியை எடுக்க மாட்டார்கள். மிச்சம் இருக்கப்போகிற ஒன்றும் கெட்டுப்போனால் அவள் கதி என்ன என்று கேட்டார்கள். எனக்கு ஐம்பத்து நாலு வயது. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, தம்பிக்கு இருக்கிறது. எனக்கு இல்லை என்று நிரூபிக்கத்தான் அந்தக் காலை டெஸ்ட். ஆஸ்பத்திரி அவன் வீட்டிலிருந்து இரண்டே தெரு என்பதால் முந்தின ராத்திரியே அவன் வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் அவன் காபித் தட்டோடு வந்து நின்றான். எழுந்து உட்கார்ந்து, ரத்தம் எடுக்க வேண்டுமே, ஒன்றும் சாப்பிடக் கூடாதே என்றேன்.

"அக்கா, அது வேற டெஸ்ட்டுக்கு. இன்னிக்கு எடுக்கறது மூணு மாச டெஸ்ட். மூணு மாசமா உனக்கு சுகர் எவ்வளவு இருந்துச்சோ அதோட சராசரியக் காட்டும். இப்ப சாப்பிட்டாலும் ஒண்ணுதான், சாப்பிடலன்னாலும் ஒண்ணுதான்."

வீட்டில் சர்க்கரைக்குப் பல்கலைக்கழகம் அவன்தான். பதினாலு வருஷ அனுபவம். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஒன்பது குழாய் ரத்தம் எடுப்பார்கள், மயக்கம் வந்துவிடும், நன்றாகச் சாப்பிடு என்று பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தான். காபியில் சர்க்கரை கரையாமல் அடியில் கிடந்தது. போடத் தெரியாதவன் போட்டது என்று அதையும் விரலால் வழித்து நக்கினேன். உடன்பிறப்பின் கையால் முதன்முதலாக ஒரு காபி குடிக்கிறேன், குறை சொல்வேனா?

ரத்தம் எடுக்கிற இடத்தில் அவன் ஓடியாடி எல்லாம் செய்தான். டோக்கன் வாங்கினான், படிவத்தை நிரப்பினான். நான் கண்ணாடிக்காகப் பையைத் துழாவிக்கொண்டிருந்தபோது, "இங்க போடுக்கா" என்று விரல் வைத்துக் காட்டினான். போட்டேன். உள்ளே இருந்த பெண் படிவத்தைப் பார்த்தாள், என் கையில் ரப்பரைக் கட்டினாள், நரம்பைத் தட்டிப் பார்த்தாள், குத்தினாள். சாம்பல் மூடி, ஊதா மூடி, மஞ்சள் மூடி என்று குழாய் குழாயாக நிரம்பியது. என் தம்பி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான். ரத்தத்தைப் பார்த்தால் அவனுக்கு ஆகாது என்று நினைத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை நூறுக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு நூற்று முப்பத்தொன்பது. வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் பார்ப்பார், அதுவரைக்கும் மற்ற டெஸ்ட்டுகளை நிறுத்திவைத்திருக்கிறோம் என்றார்கள். வெறும் வயிறு என்ற சொல் எனக்குக் காதிலேயே ஏறவில்லை. நூற்று முப்பத்தொன்பது மட்டும்தான் ஏறியது.

அந்த நாலு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். எனக்கும் வந்துவிட்டது, அப்பாவுக்கு வந்தது போல, இவனுக்கு வந்தது போல. அது போகட்டும், வந்தால் மாத்திரை சாப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் இவனுக்கு இனிமேல் யார் இருக்கிறார்கள்? அவன் பெண்டாட்டியின் ரத்த வகை பொருந்தவில்லை, பிள்ளை குட்டி இல்லை. காத்திருக்கிறவர்கள் பட்டியலில் இவன் பெயர் எங்கேயோ அடியில் கிடக்கிறது. ஒரு வாடிக்கையாளரின் பேண்ட்டில் இடது காலை இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டிவிட்டேன். முப்பது வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை. சாயங்காலம் கடையை மூடியதும் செருப்பைக் கழற்றி, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று குண்டூசியால் குத்திக் குத்திப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் டீயில் சர்க்கரை போடாமல் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

தம்பிக்குப் போன் செய்து அழுதேன். உனக்கு ஆகாமல் போய்விட்டேனேடா என்றேன். அவனோ, விடு அக்கா, நடக்கிறது நடக்கட்டும், நீ உன் உடம்பைப் பார் என்றான். குரலில் ஒரு லேசான சந்தோஷம்கூட இருந்தது. எனக்குத் தைரியம் சொல்வதற்காக அப்படிப் பேசுகிறான் என்று நினைத்து இன்னும் அழுதேன்.

வெள்ளிக்கிழமை தனியாகத்தான் போனேன். தம்பிக்கு அன்றைக்கு டயாலிசிஸ், அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் மெஷினோடு படுத்திருந்தான். பெரிய டாக்டர் என்று சொன்ன அந்த டாக்டர் அம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. இரண்டு காகிதத்தை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதலாவதில் நூற்று முப்பத்தொன்பது. எனக்கு எடை கூடுதல் இல்லை, வேறு எந்த அறிகுறியும் இல்லை, இந்த எண் தனக்கு இடித்தது என்றார். அதனால் ஊதா மூடிக் குழாயில் மிச்சமிருந்த ரத்தத்தில் மூன்று மாத டெஸ்ட்டையும் போட்டுப் பார்க்கச் சொன்னாராம். அது ஐந்து புள்ளி மூன்று.

"சுகர் இருந்தா இது ஆறரைக்கு மேல இருக்கணும். உங்களுது ரொம்ப நல்லா இருக்கு. ஒண்ணு மூணு மாசக் கணக்கு, இன்னொண்ணு அந்தக் காலையோட கணக்கு. ரெண்டும் ஒத்துப்போகலம்மா. அன்னிக்குக் காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேனே என்றேன். காபி, நாலு துண்டு ரொட்டி, ஜாம். மூன்று மாத டெஸ்ட்டுக்குச் சாப்பிடலாமாமே என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த டெஸ்ட்டுக்குச் சாப்பிடலாம், ஆனால் அன்றைக்கு எழுதிக்கொடுத்தது அது இல்லை, வெறும் வயிற்று டெஸ்ட் என்றார். நல்ல ஆரோக்கியமானவர்களுக்குக்கூட ரொட்டியும் ஜாமும் தின்று ஒரு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்தால் இப்படித்தான் ஏறும் என்றார். பிறகு கோப்பைப் புரட்டி நான் கையெழுத்துப் போட்ட படிவத்தை என் பக்கம் திருப்பினார். கடைசியாகச் சாப்பிட்ட நேரம் என்ற இடத்தில் 'நேற்று இரவு எட்டு மணி' என்று எழுதியிருந்தது. கோணல் மாணலாக, ஒவ்வொரு எழுத்தும் வலது பக்கம் சாய்ந்து. அந்தக் கையெழுத்துக்காக அப்பாவிடம் அவன் வாங்காத அடி இல்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவனுடையது ஐந்தே நாள்தான் தாங்கியது. அதுவும் எந்த டெஸ்ட்டின் பெயரைச் சொல்லி என்னை ஏமாற்றினானோ அதே டெஸ்ட்டில் மாட்டிக்கொண்டான். எனக்குச் சர்க்கரை இல்லை என்ற சந்தோஷம் முதலில் வந்திருக்க வேண்டும். கோபம்தான் முந்திக்கொண்டது. படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

டயாலிசிஸ் அறையில் எட்டுக் கட்டில்கள். அவன் ஜன்னல் ஓரம். கழுத்து வரைக்கும் போர்வை, ஒரு கை மட்டும் வெளியே, அதிலிருந்து இரண்டு குழாய் மெஷினுக்கு. இன்னும் இரண்டரை மணி நேரம் அவன் எங்கேயும் ஓட முடியாது. அதை நினைத்தபோது கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொட்டி நன்றாக இருந்தது, ஜாம்தான் கொஞ்சம் அதிகம் என்றேன். அவன் முகம் வெளுத்தது. முதலில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான். தெரியாமல் நடந்துவிட்டது, டெஸ்ட்டின் பெயர் குழம்பிவிட்டது என்றான். நேற்று இரவு எட்டு மணியும் குழம்பிவிட்டதா என்று கேட்டேன்.

பிறகு, அப்பாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது, நாளைக்கு உனக்கு வந்தால் ஒற்றைக் கிட்னியோடு என்ன செய்வாய் என்றான். அதை டாக்டர் பார்த்துக்கொள்வார், அதற்குத்தான் இத்தனை டெஸ்ட், நீ யார் நடுவில் பிரேக் போட என்றேன். என் குரல் ஏறிவிட்டது. சிஸ்டர் திரும்பிப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார், காதை மூடவில்லை. நான் குரலை இறக்கி, நாலு நாளாகக் காலைக் குண்டூசியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். உனக்கு ஆகாமல் போய்விட்டேனே என்று அழுதது உனக்குக் காதில் விழவில்லையா, அப்போதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லையா என்று கேட்டேன்.

குண்டூசி என்றதும் அவன் உடைந்துவிட்டான். எனக்குச் சர்க்கரை இருப்பதாக நானே நம்பிப் பயப்படுவேன் என்று அவன் யோசிக்கவே இல்லையாம். என்னை ஒதுக்கிவிடுவார்கள், அதோடு முடிந்தது என்று நினைத்தானாம். ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இன்னொரு கையை அசைக்கக் கூடாது.

"என்னை எனக்குத் தெரியும்க்கா. அந்த ரிப்போர்ட்டெல்லாம் பொய். டெஸ்ட்டுக்கு மூணு நாள் முன்னாடியிருந்து பத்தியம் இருப்பேன், மாத்திரை ஒழுங்கா போடுவேன். ரத்தம் குடுத்துட்டு நேரா பேக்கரிக்குப் போவேன். பதினாலு வருஷம். மூணு மாச டெஸ்ட் எழுதிக்குடுத்தா போகவே மாட்டேன். ஏமாத்தி ஏமாத்தி என்னோட ரெண்டையும் தின்னுட்டேன். உன்னோடதையும் திம்பேன்க்கா."

எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அந்தக் குழாய்களுக்கு நடுவே இரண்டுமே முடியாது. இத்தனை வருஷமும் அவன் ஆட்டிக் காட்டிய காகிதத்தைப் பார்த்து நான் ஏன் அவன் முகத்தைப் பார்க்காமல் விட்டேன் என்றுதான் நினைத்தேன். போர்வை விலகியிருந்தது. அதை இழுத்துவிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை மறுபடி டெஸ்ட். அவனுக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரோடு போனேன். அவர் முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கே எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டார், எனக்காகத் தானும் காபி குடிக்காமல் வந்தார். வெறும் வயிற்றில் தொண்ணூற்று இரண்டு. பிறகு ஒரு டம்ளர் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் நடக்காமல் தின்னாமல் உட்காரவைத்து மறுபடி எடுத்தார்கள். நூற்றுப் பதினேழு. எனக்கு ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இப்போதாவது ஏதாவது தின்னலாமா என்று கேட்டார்.

அன்றைக்கே டாக்டர் அம்மா தம்பியையும் வரச் சொன்னார். அவன் கிட்டத்தட்ட பதினோரு மணிக்கு வந்து, என் பக்கத்து நாற்காலியில் பாதியில் மட்டும் உட்கார்ந்தான். டாக்டர் விஷயத்தை நேராகச் சொன்னார். அக்கா கொடுக்கலாம், தடை இல்லை. ஆனால் வாங்கிக்கொள்கிறவர் மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டாலும் முதலில் அவருடைய சர்க்கரை சில மாதம் கட்டுக்குள் இருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தேதி. உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இப்போது மாட்டேன் என்றால் எல்லாம் முடிந்தது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். அவன் பயம் எனக்குப் புரிந்தது, அதற்கு ஒரு வழியும் யோசித்து வைத்திருக்கிறேன் என்றேன். நாலு நாளில் நானும் கொஞ்சம் படித்துவிட்டேன் அல்லவா. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த மூன்று மாத டெஸ்ட்டை எடுத்துக் காகிதத்தை என் கையில் கொடுக்க வேண்டும். அதில்தான் ஏமாற்ற முடியாதே, அவனையே காட்டிக்கொடுத்த டெஸ்ட் ஆயிற்றே என்றேன். எனக்கு என் கெட்டிக்காரத்தனத்தில் பெருமைகூட வந்துவிட்டது.

டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் தம்பி தலையை நிமிர்த்தினான்.

"அக்கா, எனக்கு அது சரியா காட்டாது. டயாலிசிஸ் எடுக்கறவங்களுக்கு நிஜத்துல இருக்கறத விடக் கம்மியாக் காட்டும். நீ அந்தப் பேப்பர நம்பினா, நான் இனிமே ரொம்ப சுலபமா உன்னை ஏமாத்திடலாம்."

டாக்டர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். என் யோசனை அவ்வளவுதான், போயிற்று. அப்படியென்றால் நான் எதை வைத்துத்தான் தெரிந்துகொள்வது என்று கேட்டேன்.

"தினமும் விரல்ல குத்திப் பாத்து, என்ன இருக்கோ அத உனக்குப் போன் பண்ணிச் சொல்றேன். வேற வழி இல்லக்கா. நான் சொல்றத நீ நம்பினாத்தான் உண்டு."

"சரி. இப்ப சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். பையிலிருந்து அந்தச் சின்ன மெஷினை எடுத்தான். விரல் நுனியைத் துடைத்தான், ஊசியால் குத்தினான், ஒரு பொட்டு ரத்தத்தைப் பட்டையில் ஒற்றினான். எல்லாரும் காத்திருந்தோம். எண் வந்ததும் அவன் மெஷினை என் பக்கம் திருப்பப் போனான். நான் பார்க்க மாட்டேன் என்று கையை அசைத்தேன், வாயால் சொல் என்றேன்.

"எரநூத்திப் பதினாலு."

"என்ன தின்ன?"

அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். சின்ன வயதில் கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டு நிற்பானே, அதே முகம்.

"வர்ற வழியில ஒரு பன். கிரீம் வெச்சது. பயமா இருந்துச்சு, தின்னுட்டேன்."

பதினாலு வருஷத்தில் என் தம்பி எனக்குச் சொன்ன முதல் கெட்ட எண் அது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. அவன் இன்னும் சம்மதம் என்று சொல்லவில்லை, ஆனால் நான் கேட்க வேண்டிய உண்மையை அவன் வாயாலேயே கேட்டுவிட்டேன். பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று டாக்டரைக் கேட்டேன்.